அப்பச்சிக்கு வராத கண்ணீர் எஸ்பிபிக்கு வந்தது ஏன்?

கேள்வி:

எனக்கு 36 வயது. பிறந்த ஊர் பள்ளத்தூர், வாக்கப்பட்டது தேவகோட்டை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நான், மாமியார், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன், மூன்று பேரும் இங்கே இருக்கிறோம். முன்பின் தெரியாதவர்கள் இறந்தால்கூட என்னால் தாங்க முடிவதில்லை. 2019-இல் மணப்பாறை பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்தபோது நாலு ராத்திரி டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். எஸ்பிபி இறந்த அன்று நான் அழுததை வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். விவேக் இறந்தபோது இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. 2025 ஜூனில் அகமதாபாத் விமான விபத்து வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. இப்போதும் ராத்திரி எழுந்து மகன் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். மாமியார் 'இழவுக்கு வந்தவ தாலி அறுப்பாளா' என்கிறார். இதில் எனக்குப் பெரிய வெட்கம், 2020 ஜூலையில் என் அப்பச்சி (அப்பா) இறந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அப்போது சென்னையில் இருந்தோம், கொரோனா ஊரடங்கு, ஊருக்குப் போக இ-பாஸ் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, எடுத்ததைத் தம்பி வீடியோ காலில் காட்டினான். ஆத்தா பள்ளத்தூரில்தான் இருக்கிறார், அவரிடமும் இதைச் சொன்னதில்லை. பெற்ற அப்பச்சிக்கு அழாமல் யாரோ ஒரு பாடகருக்கு அழுத நான் என்ன பிறவி? எனக்கு மனநோயா?

— தேவகோட்டை வாசகி

பதில்:

அன்புள்ள ஆச்சிக்கு,

வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர் நீங்கள், இருந்தாலும் நம் பக்கத்து வழக்கப்படி ஆச்சி என்றே கூப்பிடுகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அந்தப் பயத்தை மனசில் வைத்துக்கொண்டு மீதியைப் படிக்க வேண்டாம். நீங்கள் கல்நெஞ்சுக்காரி இல்லை. தெரியாதவர்களின் சாவுக்கு அழுவது மனநோயும் இல்லை. ராத்திரி எழுந்து மகனின் மூச்சைப் பார்ப்பது மட்டும் கவனிக்க வேண்டிய விஷயம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் ஒரு வரியில் நின்றுவிட்டேன். "எடுத்ததைத் தம்பி வீடியோ காலில் காட்டினான்." போகிற போக்கில் எழுதிவிட்டு நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை.

நம் ஊர்களில் ஒரு வீட்டில் இறப்பு என்றால் என்னென்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சங்குச் சத்தம் கேட்டதும் தெரு கூடிவிடும். வளவில் (வீட்டின் உள் முற்றத்தில்) கிடத்தியிருப்பார்கள். வெளியூரிலிருந்து வருகிற பெண்கள் முகப்பில் கால் வைக்கும்போதே குரலெடுத்து அழுதுகொண்டு வருவார்கள், உள்ளே இருப்பவர்கள் எழுந்து போய்க் கட்டிக்கொண்டு அழுவார்கள், வயசான ஆச்சி ஒருவர் இறந்தவர் பேரையும் அவர் செய்ததையும் ஒப்பாரியில் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லுவார். அப்புறம் குளிப்பாட்டுவது, வாய்க்கரிசி போடுவது, பேரன் பேத்திகள் கையில் நெய்ப்பந்தம், எடுத்துக்கொண்டு போன பிறகு வீடு கழுவுவது, எல்லோரும் தலைமுழுகுவது, உறவுக்காரர் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டை வேண்டாம் வேண்டாம் என்றாலும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைப்பது. இதையெல்லாம் சடங்கு என்றுதான் நானும் சின்ன வயசில் நினைத்தேன். இந்த மனநலத் தொழிலுக்கு வந்து இருபது வருஷம் ஆன பிறகு வேறு மாதிரி தெரிகிறது. ஆள் போய்விட்டார் என்பது மூளைக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். உடம்புக்குத் தெரிய நேரம் ஆகும். கண் பார்க்க வேண்டும், கை அந்தக் குளிர்ந்த காலைத் தொட வேண்டும், தொண்டை கட்ட வேண்டும், தலையில் தண்ணீர் விழ வேண்டும்.

உங்களுக்கு இதில் என்ன கிடைத்தது? சென்னையில் ஒரு வீடு, இடுப்பில் இரண்டு வயசுப் பிள்ளை, கையில் ஒரு செல்போன். அந்தச் சின்னத் திரையில், தம்பியின் கை நடுங்க நடுங்க, இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்றிருந்த நாளில், முகக்கவசம் போட்ட நாலு பேர் அப்பச்சியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். சிக்னல்கூட நடுவில் போயிருக்கலாம். கால் முடிந்ததும் என்ன செய்தீர்கள்? பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அழுகை வராதது பாசம் இல்லாததால் இல்லை. கட்டிக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில், பார்த்தது நிஜமா என்றே பிடிபடாத நேரத்தில், மனசு அப்படியே மரத்துப்போகும். அந்த இரண்டு வருஷத்தில் அப்பா அம்மாவைப் பறிகொடுத்து என்னிடம் வந்தவர்களில் எத்தனையோ பேர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, குற்றத்தை ஒத்துக்கொள்கிற மாதிரி, இதையேதான் சொன்னார்கள்: "எனக்கு அழுகையே வரல மேடம்."

இப்போது அதற்குப் பிறகு நடந்ததை நாள் வாரியாகப் பாருங்கள். ஜூலையில் அப்பச்சி. ஆகஸ்ட் 5-ஆம் தேதி எஸ்பிபி மருத்துவமனையில் சேர்ந்தார், லேசான கொரோனாதான், கவலைப்பட வேண்டாம் என்று அவரே வீடியோவில் பேசினார். பிறகு நிலைமை மோசமானது. மருத்துவமனை அறிக்கை, மகன் சரணின் வீடியோ என்று வீட்டுக்கு வீடு அதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். ஆகஸ்ட் 20 சாயங்காலம் ஆறு மணிக்கு அவரவர் இருந்த இடத்தில் அவர் பாட்டைப் போட்டு வேண்டிக்கொண்டோம். செப்டம்பர் 25 மத்தியானம் இறந்தார். மறுநாள் தாமரைப்பாக்கம் தோட்டத்தில் போலீஸ் மரியாதையோடு அடக்கம் செய்ததை டிவியில் நேரலையாகக் காட்டினார்கள்.

ஐம்பத்தோரு நாள். அப்பச்சி தலைமாட்டில் உட்காருவதற்கு உங்களுக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. எஸ்பிபிக்காக ஐம்பத்தோரு நாள் காத்திருந்தீர்கள், கும்பிட்டீர்கள், கடைசியில் முழுசாக ஓர் இறுதி ஊர்வலத்தைப் பார்த்தீர்கள், ஊரே கூட அழுதது. அப்பச்சியை எடுத்ததையும் திரையில்தான் பார்த்தீர்கள், இதையும் திரையில்தான் பார்த்தீர்கள். ஜூலையில் பாதியில் நின்றது செப்டம்பரில் வந்து சேர்ந்தது. அன்று நீங்கள் அழுத அழுகையில் அப்பச்சிக்கும் பங்கு இருந்தது, ஆச்சி. வீட்டில் சொல்லிக்காட்டுகிறவர்களுக்கு அது தெரியாது. உங்களுக்கே இத்தனை நாள் தெரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அப்பச்சி எஸ்பிபி பாட்டுக் கேட்பாரா? கடிதத்தில் எழுதவில்லை. கடையிலோ காரிலோ அவர் போட்டுக் கேட்ட பாட்டு ஏதாவது இருந்தால் நான் மேலே சொன்னது இன்னும் தெளிவாகப் புரியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க விரும்புகிறேன். எந்த அழுகையைப் பார்த்தாலும் 'இதற்கு அடியில் வேறொன்று இருக்கிறது' என்று தோண்டுவது எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம். எஸ்பிபிக்காக அழுததில் எஸ்பிபிக்கே உரிய பங்கும் உண்டு. விவேக் 2021 ஏப்ரல் 17-இல் 59 வயதில் போனபோது உங்களுக்குச் சாப்பாடு இறங்காமல் இருந்ததற்கு அடியில் ஒன்றும் தோண்ட வேண்டியதில்லை. வருஷக்கணக்காக உங்களைச் சிரிக்க வைத்த மனிதர், ஊர் ஊராக மரம் நட்டவர், திடீரென்று இல்லை. வருத்தமாக இருந்தது. அவ்வளவுதான். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ரேடியோவிலும் டிவியிலும் தினமும் நம்மிடம் பேசுகிறவரோடு, அவருக்கு நம்மைத் தெரியாவிட்டாலும், நமக்கு ஓர் உறவு உண்டாகிவிடுகிறது என்றார்கள். யோசித்துப் பாருங்கள், சொந்தச் சித்தப்பா குரலை வருஷத்தில் எத்தனை நாள் கேட்கிறோம்? எஸ்பிபி குரலை எத்தனை நாள் கேட்டோம்? ஒரு குரல் முப்பது வருஷம் காதில் இருந்துவிட்டு நின்றுபோனால் மனசு அதை இழப்பு என்றுதான் எடுத்துக்கொள்ளும், சொந்தமா இல்லையா என்று கணக்குப் பார்க்காது.

எங்கள் அப்பத்தாவுக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது. 1981 அக்டோபரில் கண்ணதாசன் சிகாகோவில் இறந்துவிட்டார் என்று ரேடியோவில் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. அவர் பிறந்த சிறுகூடல்பட்டி நமக்குப் பக்கம்தான், ஆனால் அப்பத்தா அவரை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தார். வளவில் தூணோரம் காலை நீட்டி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் ஒப்பாரி எடுத்தார். முதலில் அந்தக் கவிஞர் பேரைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். நாலைந்து அடி போனதும் பர்மாவுக்குப் போய்த் திரும்பாத தன் அண்ணன் பேர் வந்தது, அதற்கப்புறம் ஏழு வயசில் அம்மை போட்டு இறந்த என் அத்தை பேர் வந்தது. பக்கத்து வீட்டு ஆச்சிகள் இரண்டு பேர் வந்து கூட உட்கார்ந்துவிட்டார்கள். ஐயா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திண்ணைக்குப் போனார். அரை மணி நேரம் இருக்கும். பிறகு அப்பத்தா எழுந்து கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகினார், ஈரச் சேலையோடு வளவைத் தாண்டிப் போனபோது ஆத்தங்குடிக் கல்லில் தண்ணீர் சொட்டியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. உலை வைத்தார். சாயங்காலம் எங்களோடு தாயம் விளையாடினார்.

'இது யார், உனக்கு என்ன உறவு' என்று அன்று யாரும் அப்பத்தாவைக் கேட்கவில்லை. கேதத்துக்குப் போகிற பெண்கள் அந்த வீட்டுச் சாவுக்கு அழுது, அப்படியே தன் வீட்டுச் சாவுக்கும் அழுதுவிட்டு வருவது நம் பக்கம் எப்போதும் இருந்ததுதான். நம் ஊர் பிள்ளைகளில் எத்தனையோ பேர் முகமே சரியாகப் பார்க்காத அப்பச்சிக்காக அழுதிருக்கிறார்கள். மூன்று வருஷக் கணக்கில் ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனவர் அவர்களுக்குக் கடிதமாகவும் போட்டோவாகவும்தான் வீட்டில் இருந்தார். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தபோது நடந்தே கிளம்பி வழியில் இறந்தவர்களின் செய்தி எப்போதோ வந்து சேர்ந்தது. பார்க்காத முகத்துக்கு, தூரத்து மண்ணில் நடந்த சாவுக்கு எப்படி அழுவது என்பது செட்டிநாட்டு வீடுகளுக்குத் தெரியாத விஷயம் இல்லை.

வித்தியாசம் என்னவென்றால், அப்பத்தாவுக்கு ஒரு தூண் இருந்தது, பக்கத்தில் உட்கார இரண்டு ஆச்சிகள் இருந்தார்கள், எழுந்து போய்க் குளிக்க ஒரு கிணறு இருந்தது. உங்களுக்கு அத்தனை பெரிய வீட்டில் மூன்று பேர். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு நடிகர் இறந்த செய்தி வந்தால் நீங்களும் போனும்தான். போன் எழுந்து குளிக்கப் போ என்று சொல்லாது. அடுத்த வீடியோவைக் காட்டும்.

சரி, இப்போது மணப்பாறைக்கும் அகமதாபாத்துக்கும் வருகிறேன். இவை வேறு வகை. அங்கே உங்களுக்கு வந்தது துக்கத்தைவிடப் பயம்.

2019 அக்டோபர் 25 வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடுக்காட்டுப்பட்டியில் அந்தக் குழந்தை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. செவ்வாய்க்கிழமை விடியும் முன் உடலை எடுத்தார்கள். தீபாவளியே இல்லாமல் தமிழ்நாடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது, நானும் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது, அப்போது உங்கள் மகனுக்கும் ஏறக்குறைய அதே வயது. அகமதாபாத்தில் 2025 ஜூன் 12 அன்று லண்டன் கிளம்பிய விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். உங்கள் வீட்டுக்காரர் சிங்கப்பூருக்கும் திருச்சிக்கும் விமானத்தில்தான் வந்து போகிறார். நீங்கள் அந்த வீடியோவை மறுபடி மறுபடி பார்த்தபோது, விமானம் மேலே ஏறி, ஏறிய வேகத்தில் கீழே போகிற அந்தச் சில நொடிகளில், உள்ளே யாரை உட்கார வைத்துப் பார்த்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பயம் வந்தால் மனசு திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லும். இன்னொரு தடவை பார்த்தால் ஏதோ பிடிபடும், நமக்கு அது வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஒன்றும் பிடிபடாது, பயம்தான் ஊறும். 2013-இல் அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அதற்கடுத்த வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியைப் பார்த்தவர்களுக்கு, குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட மனப் பதற்றம் அதிகமாக இருந்தது என்று கலிபோர்னியா ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2014-இல் வெளியிட்டார்கள். முதல் தடவை படித்தபோது எனக்கே திக்கென்று இருந்தது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தவருக்கு, அங்கே இருந்தவரைவிட அதிகம். நீங்கள் நாலு ராத்திரி உட்கார்ந்திருந்தீர்கள்.

அதனால் ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுவேன். சாவுச் செய்தியைப் படிக்கலாம், வீடியோவில் பார்க்க வேண்டாம். ஒரு தடவை படியுங்கள், யார், எங்கே, எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள், போதும். கடைசி நிமிடக் காட்சி, கதறும் தாய், சிசிடிவி பதிவு எதுவும் வேண்டாம். பிரபலம் ஒருவர் தற்கொலை செய்துகொண்ட செய்தியாக இருந்தால் எப்படிச் செய்தார் என்ற விவரத்துப் பக்கமே போக வேண்டாம், மனசு தளர்ந்திருக்கிற யாருக்கும் அது ஆபத்து. ராத்திரி போனை முகப்பில் சார்ஜ் போட்டுவிட்டு உள்ளே வந்து படுங்கள். வீட்டுக்காரர் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டும் என்றால் மாமியாரிடம் ஒரு சாதாரண பட்டன் போன் இருக்கட்டும்.

படித்த பிறகு மனசு கனத்தால் அப்பத்தா செய்ததைச் செய்யுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. உட்காருங்கள், அழுகை வந்தால் அழுங்கள், இறந்தவர் பாடகர் என்றால் அவர் பாட்டு ஒன்றை முழுசாகக் கேளுங்கள், அவரைப் பற்றி உங்களுக்குப் பிடித்த ஒன்றை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு எழுந்து தலைக்குக் குளித்துவிட்டுச் சாப்பிடுங்கள். நம் ஊரில் கேதத்துக்குப் போய்விட்டு வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் புழங்க விட மாட்டார்கள் இல்லையா, அது போன் வழியாகப் போய்விட்டு வந்த கேதத்துக்கும் பொருந்தும். விவேக் இறந்தபோது பல ஊர்களில் ஆளுக்கு ஒரு மரக்கன்று நட்டார்கள். அதுவும் நல்ல காரியம்தான், கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது. அந்தக் குழந்தையின் நினைப்பு இன்னும் வாட்டினால், உங்கள் பக்கத்துக் கிராமங்களில் கைவிட்ட ஆழ்துளைக் கிணறு திறந்து கிடக்கிறதா என்று விசாரித்து, கிடந்தால் ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். அவற்றைத் தரைமட்டம் வரை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது.

போன வருஷங்களில் என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது (ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்). சமையல் வேலைக்காரர், ஐம்பது வயதுக்கு மேல். விஜயகாந்த் 2023 டிசம்பர் 28-இல் இறந்த பிறகு வேலைக்கே போக முடியவில்லை என்று மனைவி கூட்டிக்கொண்டு வந்தார். இளவயதில் சென்னையில் பசியோடு அலைந்தபோது அவர் அலுவலகத்தில் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறார். "எனக்குச் சோறு போட்டவருக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போட முடியல" என்று சொல்லி அழுதார். மருந்து மாத்திரை எதுவும் தேவைப்படவில்லை. அடுத்த மாதம் இருபது பேருக்குத் தன் கையால் சமைத்துப் போட்டார். அப்புறம் அவர் என்னிடம் வரவில்லை. அமெரிக்காவில் கென்னத் டோக்கா என்ற அறிஞர் 1989-இல் இந்த மாதிரித் துக்கத்துக்கு ஒரு பெயரே வைத்தார், ஊர் ஒத்துக்கொள்ளாத துக்கம் என்று தமிழில் சொல்லலாம். உனக்கு இதற்கு அழ உரிமை இல்லை என்று சுற்றி இருப்பவர்கள் நினைக்கும்போது அந்தத் துக்கம் ஆறாமல் அப்படியே நிற்கும்.

உங்கள் மாமியாரும் அப்படித்தான் நினைக்கிறாரோ என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தப் பழமொழியை இன்னொரு தடவை படித்தேன். தாலி என்கிற வார்த்தை அதில் இருக்கிறது. அவருடைய பிள்ளை கடல் தாண்டி இருக்கிறார், மருமகள் வீட்டில் ஒப்பாரி மாதிரி அழுகிறாள். விளக்கு வைக்கிற நேரத்தில் அழுதாலே ஆகாது என்று வளர்ந்த தலைமுறை அவர். அந்த அழுகை தன் பிள்ளைக்கு ஏதாவது இழுத்து வந்துவிடுமோ என்று அவருக்கு உள்ளுக்குள் நடுக்கம் இருக்கலாம். அதைக் கோபமாகத்தான் சொல்லத் தெரிகிறது. ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பச்சி போனப்ப நான் அழல, அதான் இப்ப எதைப் பார்த்தாலும் அழுகை வருது" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவரும் தன் அப்பச்சியைப் பறிகொடுத்தவர்தான்.

மகன் நீங்கள் அழுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். "அம்மாவுக்கு அந்தத் தாத்தா பாட்டு ரொம்பப் பிடிக்கும், அவர் செத்துப் போயிட்டார், அதான் அழுகை, கொஞ்ச நேரத்தில் சரியாயிடும்" என்று நேராகச் சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்ளும். கண்ணில் தூசி என்று சொல்ல வேண்டாம்.

இப்போது மருத்துவம். தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து கெட்டிருந்தால், மூச்சைப் பார்ப்பது ஒரு ராத்திரிக்கு மூன்று நாலு தடவை என்று ஆகியிருந்தால், பகலில் வேலையே ஓடவில்லை என்றால் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். இழப்பின் வேதனை ஆறு மாதத்துக்கு மேல் குறையாமல் அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அதை நீடித்த துக்கம் என்று உலக சுகாதார நிறுவனமும் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது, அதற்குச் சிகிச்சை உண்டு. உங்களுக்கு அது இருக்கிறதா என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன், நேரில் பேசினால்தான் சொல்ல முடியும். செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டுகிறதா? ஆம் என்றால் இதைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம், 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலிமானஸ் உதவி எண், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். பள்ளத்தூர் போங்கள். திதிக்கு என்று காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். தேவகோட்டையிலிருந்து என்ன தூரம். மகனை மாமியாரிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போங்கள், ராத்திரி தங்குகிற மாதிரி. அப்பச்சியைக் கிடத்தியிருந்த இடத்தில் ஆத்தாவோடு உட்காருங்கள். அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். காலையில் என்ன சாப்பிட்டார், முதலில் யாரைக் கூப்பிட்டார், உங்கள் பேரைச் சொன்னாரா, டாக்டருக்கு யார் ஓடியது, குளிப்பாட்டியது யார், என்ன வேட்டி கட்டிவிட்டார்கள், அந்த இருபது பேரில் யார் யார் இருந்தார்கள், பயத்தில் திண்ணையோடு நின்றுவிட்டது யார், நெய்ப்பந்தம் பிடிக்கப் பிள்ளைகள் இருந்தார்களா. உங்கள் தம்பியின் போனில் தெரிந்தது சில நிமிஷம், ஆத்தாவிடம் முழு நாளும் இருக்கிறது. இத்தனை வருஷமாக நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று அவர் சொல்லாமலும், அவர் வருத்தப்படுவார் என்று நீங்கள் கேட்காமலும் இருந்திருப்பீர்கள். அழுகை வரலாம், வராமலும் போகலாம், வரவில்லை என்றால் மறுபடி வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். எனக்கு அப்போது அழுகை வரவில்லை ஆத்தா என்று அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். மறுநாள் காலையில் அங்கேயே தலைமுழுகி, ஆத்தா கையால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். எஸ்பிபி பாட்டைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் எழுதுங்கள், அப்பச்சிக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று ஆத்தாவுக்குத் தெரிந்திருக்கும்.